பிஸ்கோத்து டப்பாவுக்குள் ஒரு வீதி

படம் பிடிப்பது இந்நாளில் மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் சமயத்தில் மணமக்களைக் கண்ணால் பார்க்கிறவர்களைவிடக் கைப்பேசி வழியாகப் பார்க்கிறவர்களே அதிகம். இலையில் சாதம் விழுந்தால் அதற்கு ஒரு படம்; விழுந்த சாதத்தில் நெய் விழுந்தால் அதற்கு இன்னொரு படம். இவ்வாறு பிடித்த படங்களில் எத்தனையை மறுபடியும் எடுத்துப் பார்த்திருக்கிறோம் என்று நேயர்கள் தங்கள் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும். நம் வரையில் சொன்னால், சென்ற தீபாவளிக்குப் பிடித்த படங்கள் நம் கைப்பேசியில் எந்த மூலையில் ஒளிந்திருக்கின்றன என்பது அந்தக் கைப்பேசிக்கே வெளிச்சம்.

இப்படிப்பட்ட காலத்தில், ஒரே ஒரு படத்துக்காகப் பதினேழு நாள் பாடுபட்ட பெண் ஒருத்தியைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அவள் நம் தங்கையின் மகள். தஞ்சாவூரில் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறாள். வயது பதினான்கு. அவள் படம் பிடித்தது தஞ்சை நகரத்தில் ஒரு வீதியை. எந்த வீதி என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் ஊசித்துளைக் காமிரா என்று ஒன்று வருகிறது. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசியால் துளையிட்டு, எதிர்ப் பக்கத்தில் எண்ணெய்க் காகிதம் ஒட்டினால், வெளியிலுள்ள காட்சி அந்தக் காகிதத்தில் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் செல்லுகிறது என்பதற்கு இது சாட்சி. மற்றப் பிள்ளைகள் அந்தப் பெட்டியைச் செய்து மார்க்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் மருமகப் பெண் மாத்திரம் கொல்லையிலுள்ள தென்னை மரம் பெட்டிக்குள் தலைகீழாக ஆடுவதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "மாமா! இந்த மரத்தை இப்படியே பிடித்து வைத்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், 1833-ம் வருஷம் இத்தாலி தேசத்தில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு டால்பட் என்ற ஆங்கிலேயர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியும் ஏறக்குறைய இதுதான். சித்திரம் வரையக் கை வராத அந்தக் கனவான், ஒளி தானாகவே காகிதத்தில் தன் சித்திரத்தை எழுதிவிட்டுப் போனால் எவ்வளவு சௌகரியம் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையிலிருந்து பிறந்ததுதான் காகித நெகடிவ். பிரான்ஸ் தேசத்து டாகேர் வேறு வழியில் முயன்று வெள்ளித் தகட்டில் படத்தைப் பிடித்தார். 1839-ம் வருஷம் பிரெஞ்சு சர்க்கார் அவருடைய முறையை உலகத்துக்கு வெளியிட்டது. நம் மருமகப் பெண்ணுக்கு டால்பட்டையும் தெரியாது, டாகேரையும் தெரியாது. ஆனாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது.

பதில் சொல்ல நமக்குச் சக்தியில்லை. அவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்திவிட்டு மூடிவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பரணிலிருந்து ஒரு சிவப்பு விளக்கையும், கறுப்புத் தாளில் சுற்றிய ஒரு கட்டையும் எடுத்து வந்தார். கட்டுக்குள் இருந்தது படம் அச்சிடும் வெள்ளிக் காகிதம். உதகமண்டலத்தில் செய்தது!

இந்த இடத்தில் சற்று நின்று பெருமூச்சு விடவேண்டியிருக்கிறது. நம் தேசத்துக்குப் பிலிமும் போட்டோக் காகிதமும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்று 1960-ம் வருஷம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. நீலகிரியில் தொழிற்சாலை கட்டி, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்-ரே தகடும் காகிதமும் செய்தார்கள். பிற்காலத்தில் நஷ்டம் ஏறியது, அதன் பிறகு பிலிமே வேண்டாத காலமும் வந்தது, தொழிற்சாலை ஓய்ந்துபோயிற்று. அங்கே செய்த காகிதத்தில் ஒரு கட்டு, தஞ்சாவூர்ப் பரணில் கறுப்புத் தாளுக்குள் தூங்கிக்கொண்டு, இந்தக் குழந்தைக்காகக் காத்திருந்தது போலும்!

பெரியவர், "காகிதம் கிழடு தட்டிப்போயிருக்கும். வெளிச்சம் கூடுதலாய்க் கேட்கும். பொறுமை இருந்தால் வேலை செய்யும்" என்றார். காகிதத்தைப் பற்றிச் சொன்னாரா, தம்மைப் பற்றிச் சொன்னாரா என்று நாம் விசாரிக்கவில்லை.

காமிரா தயாராயிற்று. அது வேறொன்றுமில்லை, பிஸ்கோத்து டப்பாதான். உட்புறம் முழுவதும் கறுப்பு வர்ணம். ஒரு பக்கத்தில் சதுரமாக வெட்டி, அங்கே அலுமினியத் தகடு. தகட்டில் மெல்லிய தையல் ஊசியின் நுனியால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. பிசிறு நீங்க உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிசிறு இருந்தால் படம் மங்கும். துளையை மூடும் கறுப்பு நாடாதான் கதவு. நாடாவை எடுத்தால் படம் ஆரம்பம், ஒட்டினால் முடிவு. பொத்தான் கிடையாது, லென்ஸ் கிடையாது, மின்சாரமும் கிடையாது.

அடுத்தது இருட்டறை. வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். அது காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரையில் எவ்வளவு கிராக்கியான இடம் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். அவளுடைய தகப்பனார், "அடுத்த வருஷம் பொதுப் பரீட்சை. கணக்கில் எழுபத்தொரு மார்க்கு. இந்த லட்சணத்தில் குளியலறையையும் பூட்டிக்கொண்டால் நான் ஆபீஸுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டுப்பாடம் முடித்த பிறகு என்று சமரச உடன்படிக்கை ஏற்பட்டது.

படத்தைத் துலக்க மருந்து வேண்டுமே! இங்கேதான் வேடிக்கை. 1995-ம் வருஷம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய மாணாக்கர்களும், காப்பியைக் கொண்டே படத்தைத் துலக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். காப்பி என்றதும் நேயர்கள் கஃபீனை நினைக்கக்கூடும். அதற்கு இதில் வேலையில்லை. காப்பியிலுள்ள காஃபிக் அமிலம் என்ற வஸ்துதான், ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. அது வேலை செய்வதற்குச் சலவை சோடா வேண்டும். வேகத்துக்கு வைட்டமின் ஸி சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 54 கிராம் சோடா, 16 கிராம் வைட்டமின், 40 கிராம் உடனடிக் காப்பித் தூள். இதுதான் வழக்கத்திலுள்ள கணக்கு.

தஞ்சாவூர்ப் பெண் அல்லவா? முதலில் வீட்டு டிகாக்ஷனிலேயே முயன்று பார்த்தாள். படம், மாமியார் வீட்டுக்கு முதல் முறையாக வந்த மாப்பிள்ளை மாதிரி, அரைகுறையாகத் தலை காட்டிவிட்டு நின்றுவிட்டது. கடைத் தூளை வாங்கிக் கரைத்ததும் விஷயம் வேறாயிற்று. ஆனால் சோடாவும் காப்பியும் சேர்ந்த அந்தக் கஷாயத்தின் நாற்றத்தை வர்ணிக்க நம்மிடம் வார்த்தை இல்லை. அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் காப்பி சாப்பிட மனம் வரவில்லை.

துலங்கிய படம் நிலைத்து நிற்பதற்கு ஹைப்போ என்னும் உப்பு. வெள்ளி உப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு உண்டென்று ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி 1819-லேயே கண்டிருந்தார். இருபது வருஷம் கழித்துத்தான் அது போட்டோவுக்குப் பயன்பட்டது.

முதல் படம் முழுக் கறுப்பு. இரண்டாவது முழு வெள்ளை. மூன்றாவதில் டப்பாவின் மூடி வழியாக வெளிச்சம் புகுந்து, வால் நட்சத்திரம் போல ஒரு கீற்று. ஒவ்வொன்றையும் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், வெயிலா நிழலா, எத்தனை நிமிஷம் என்று எழுதி வைத்தாள். கடிகாரத்தைப் பாராமல் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று விநாடி எண்ணும் வித்தையைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். கணக்கில் எழுபத்தொரு மார்க்கு வாங்கிய பெண், துளையின் அகலத்தால் டப்பாவின் நீளத்தை வகுத்து, வெளிச்சம் எத்தனை மடங்கு குறைகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அவளுடைய தகப்பனார் ஓர் இரவு கதவோரத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

பதினேழாவது நாள் காலை, திண்ணையில் இரண்டு செங்கல்லின் மேல் டப்பாவை வைத்து, வீதியை நோக்கித் திறந்தாள். நிழலும் கிழட்டுக் காகிதமும் சேர்ந்து பத்து நிமிஷம் தேவைப்பட்டது. அந்தப் பத்து நிமிஷத்தில் வீதியில் போனவர்களை நாம் எண்ணிப் பார்த்தோம். பால்காரர், பள்ளிக்கூட ஆட்டோக்கள், கோவிலுக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிள்கள் என்று நூற்றுக்கு மேல் இருக்கும். இரவு குளியலறையில் சிவப்பு வெளிச்சத்தில் காகிதம் மெல்ல மெல்லக் கறுத்தது. அது நெகடிவ். அதன் மேல் புதுக் காகிதத்தை முகத்தோடு முகம் வைத்துக் கண்ணாடியால் அமுக்கி, சில விநாடி வெளிச்சம் காட்டித் துலக்கினால் நேர்ப்படம்.

"மாமா! வீதியில் ஒருவருமே இல்லையே!" என்று கூவினாள்.

உண்மைதான். வீடுகள் இருந்தன, விளக்குக் கம்பம் இருந்தது, கோவில் மதில் இருந்தது. நூறு பேரும் மாயமாய் மறைந்துவிட்டார்கள். நகர்ந்துகொண்டே போகிறவர்கள் காகிதத்தில் பதியும் அளவுக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. டாகேர் 1838-ல் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைப் பிடித்தபோதும் இதுவே நடந்தது. வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி வெறிச்சென்று விழுந்தது. பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக நின்ற ஒரு மனிதர் மட்டும் தெரிந்தார். தஞ்சைக்கும் இது புதிதல்ல. சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரரான லினேயஸ் டிரைப் 1858-ல் பெரிய கோவிலின் கல்வெட்டுக்களை இதே போன்ற காகித நெகடிவுகளில் பிடித்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். பிறகு, செலவு அதிகம் என்று சர்க்கார் அந்த உத்தியோகத்தையே நிறுத்திவிட்டது. தகப்பனார்கள் மாத்திரம் அப்படி நினைப்பவர்கள் அல்லர்.

படத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோது, மதிலோரத்தில் ஓர் உருவம் தெரிந்தது. அங்கே தினமும் உட்கார்ந்து பூக் கட்டும் கிழவி. புடவை மடிப்பும் கூடையும் தெளிவாக இருந்தன. முகம் சற்றே கலங்கியிருந்தது. கைகள் இரண்டும் வெறும் புகையாக இருந்தன. பூத் தொடுக்கிற கை ஒரு கணம் நின்றிருந்தால் அல்லவா பதியும்? நம் தங்கை நெடுநேரம் அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்தாள். "பத்து வருஷமாய் இவளிடம்தான் பூ வாங்குகிறேன். இன்றுதான் இவளைப் பார்க்கிறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் சித்திரப் போட்டி நடக்கவிருந்தது. இந்தப் படத்தை அனுப்பினால் பரிசு நிச்சயம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அப்போது தங்கை, "அந்த அம்மாளைக் கேட்டாயா?" என்றாள். குழந்தை விழித்தாள். வீதியைத்தானே பிடித்தாள்? வீதியை யாரிடம் கேட்பது?

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு அவளும் நாமும் போனோம். கிழவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு பாப்பா? நானா? மத்தவங்கல்லாம் எங்கே?"

"நடந்துகொண்டே இருந்தவர்கள் விழவில்லை, பாட்டி. நீங்கள் உட்கார்ந்தே இருந்ததால் விழுந்துவிட்டீர்கள்."

"அப்படியா? எங்கிட்டக் கடன் சொல்லிட்டுப் போனவங்ககூடவா விழலை? நல்ல பொட்டிதான்!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கிற்று. "இதை என்ன செய்யப் போறே?"

போட்டி விஷயத்தைச் சொன்னாள். பெரிய மண்டபத்தில் மாட்டுவார்கள், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்று உற்சாகமாகவே சொன்னாள். கிழவி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் பாப்பா. எம் மவன் வெளியூர்ல வேலை பார்க்கிறான். அவன் சம்பந்தி வீட்டுக்கு நான் ரோட்டுல பூ விக்கிறது தெரியாது. அவனே சொல்லலை. நான் சொல்லலாமா? நாலு பேர் பார்க்கிற இடத்திலே இதை வைக்காதே, கண்ணு."

வீடு வரும் வரையில் குழந்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வந்ததும் அழுதாள். பதினேழு நாள் உழைப்பு! "முகம்தான் தெரியவில்லையே மாமா, யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது?" என்று கேட்டாள். "கூடையும் மதிலும் தெரிகிறதே. அவள் மகனுக்குத் தெரியாதா?" என்று தங்கை சொன்னாள். அதற்கு மேல் ஒருவரும் உபதேசம் செய்யவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளே படத்தையும் நெகடிவையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்தாள். போட்டிக்குத் தென்னை மரப் படம் போயிற்று. பரிசு கிடைக்கவில்லை.

1946-ம் வருஷம் மகாத்மாவை ராட்டையோடு படம் பிடிக்க மார்கரெட் போர்க்-வைட் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்தபோது, முதலில் நீங்கள் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆசிரமத்தில் சொல்லிவிட்டார்கள். ராட்டையைப் பற்றித் தெரியாமல் ராட்டைக்காரரைப் படம் பிடிப்பது எப்படி என்பது அவர்கள் கட்சி. அந்த அம்மாளும் கற்றுக்கொண்டார். இந்த வரலாற்றை நாம் குழந்தைக்குச் சொன்னோம். அவள் மறுநாள் மாலை கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பூத் தொடுக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். இரண்டு முழம் தொடுப்பதற்குள் விரல் சிவந்துபோயிற்று என்றாள்.

பத்து நாள் கழித்துக் கிழவியே கேட்டாள்: "பாப்பா, கையிலே கூடை இல்லாம, என்னை ஒண்ணு எடுப்பியா? மவனுக்கு அனுப்பணும்."

ஸ்டூடியோப் பெரியவர் தம்முடைய இரட்டை லென்ஸ் காமிராவை இரவல் கொடுத்தார். பன்னிரண்டு படம் விழும் பிலிம் சுருள் ஒன்றைக் குழந்தை தன் பிறந்தநாள் பணத்தில் வாங்கினாள். கிழவியின் வீட்டு வாசற்படியில், மாலை வெயில் சுவரில் பட்டுத் திரும்பும் வேளையில், அரக்குப் புடவை உடுத்து, கைகளை மடியில் கோத்து அவள் உட்கார்ந்தாள். பிலிமைத் துலக்க 20 டிகிரி குளிர்ச்சி வேண்டும். தஞ்சாவூர்க் குழாய்த் தண்ணீரோ வெந்நீருக்குத் தம்பி. ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் நின்றவர் யார் தெரியுமா? எழுபத்தொரு மார்க்கைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தத் தகப்பனார்தான். பன்னிரண்டில் ஒன்று மிக நன்றாக வந்தது. அதற்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

மகனிடமிருந்து என்ன பதில் வந்தது என்று நாம் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவன் ஊருக்கு வந்திருந்ததாகவும், இரண்டு நாள் தங்கியதாகவும் மட்டும் கேள்விப்பட்டோம். இந்தக் கட்டுரை எழுதுவதற்கு அனுமதி கேட்டபோது கிழவி, "கதையாச் சொல்லிக்கோங்க. மூஞ்சியைக் காட்டாதீங்க, தெருவைச் சொல்லாதீங்க" என்று உத்தரவு கொடுத்தாள். ஆகையால்தான் வீதியின் பெயர் இங்கே இல்லை, படமும் இல்லை.

பெண் குழந்தைக்குக் காமிரா எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் தேசத்தின் முதல் பத்திரிகைப் போட்டோக்காரியான ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளிவந்தன. பெண் எடுத்த படம் என்றால் யார் மதிப்பார்கள் என்பது அந்நாளைய எண்ணம். பிற்காலத்தில், சுதந்திர இந்தியாவின் ஆரம்ப வருஷங்களை நம் கண் முன் நிறுத்துவதற்கு அவர் படங்களே உதவின. 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. டோக்கியோ வரையில் போய்ப் போட்டோக் கலை கற்று வந்த ஏ. கே. செட்டியார் அல்லவா உலகமெங்கும் அலைந்து மகாத்மாவின் படச் சுருள்களைச் சேகரித்து, 1940-ல் ஒரு முழுப் படமாக நமக்குத் தந்தார்? இவர்களெல்லாம் ஒரு நாளில் கற்றவர்கள் அல்லர்.

எல்லாக் குழந்தைகளும் போட்டோக்காரர்களாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் மருமகப் பெண்ணும் டாக்டராகவோ கணக்கராகவோ ஆகக்கூடும். ஆனால் அவள் இப்போது கைப்பேசியில் படம் பிடிக்கும்போதும், எதிரே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறாள். பீரோவிலிருக்கும் அந்த உறையை எப்போதாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். கணக்கில் இந்தத் தடவை எண்பத்து மூன்று மார்க்கு. அதற்கும் டப்பாவுக்கும் சம்பந்தமுண்டு என்பது அவள் கட்சி, இல்லை என்பது தகப்பனார் கட்சி.

ஆகவே, பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் சின்னதுதான். குழந்தை ஒரு நாள் காலி டப்பாவும் தையல் ஊசியும் கேட்டால் எதற்கென்று குறுக்கு விசாரணை செய்யாமல் கொடுத்துவிடுங்கள். குளியலறையை இரவு ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். காப்பித் தூள் திடீரென்று குறைந்திருந்தால், வேலைக்காரியின் மேல் மட்டும் சந்தேகப்படாதீர்கள்.